வெந்நீர் அடுப்பில் எரிந்த பட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை முரளி காவல் நிலையத்துக்குள் நுழைந்தபோது அவர் கையில் ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது. தட்டு நிறையச் சாம்பல். நடுவில் கெட்டியான காகிதத் துண்டு ஒன்று, ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் பொன்னிற முத்திரையின் விளிம்போடு மிஞ்சிக் கிடந்தது.

"என்னோட டாக்டர் பட்டமுங்க மேடம்," என்றார். "யாரோ எரிச்சுப்போட்டாங்க."

உதவி ஆய்வாளர் ஸ்டெல்லா முதலில் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். பிறகு தட்டை வாங்கி மேசைமேல் வைத்து, "உட்காருங்க," என்றார். காவலர் பூபாலன் எட்டிப் பார்த்தார். மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரரான அவருக்குக் காணாமல் போன ஆட்டைத் தேடுவதுதான் பெரிய வழக்கு. சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

முரளியை அவர்கள் இருவருக்கும் கைபேசி வழியாகத் தெரியும். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த அரியூர் நாட்டில் பிறந்து வளர்ந்தவர். மிளகுக்கொடி வாடினால் என்ன செய்வது, மரவள்ளிக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று முகநூலில் வீடியோ போடுவார். ஒவ்வொன்றின் கீழும் 'டாக்டர் முரளி, பி.எச்டி. (அக்ரி)' என்று பெரிய எழுத்தில் இருக்கும். பிறந்தநாள் வாழ்த்து போட்டாலும் இருக்கும்.

சில வாரங்களுக்கு முன் 'பட்டம் பறக்குது' என்ற முகநூல் பக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதை நடத்துபவர் பாலசுப்பிரமணியம். சேலத்தில் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்று, குளிர்ச்சிக்காக இந்த மலையில் செம்மேட்டுக்கு வந்து குடியிருப்பவர். இணையத்தில் போலிப் பட்டங்களைக் காட்டிப் பெருமையடிப்பவர்களைத் தேடிப்பிடிப்பது அவருக்கு ஓய்வுகால வேலை. பணம் கொடுத்து டாக்டர் பட்டம் வாங்கிய ஒரு டியூஷன் முதலாளியையும், படிக்காமலே மருந்து விற்ற ஒருவரையும் சான்றோடு பிடித்துக் கொடுத்தவர். அதனால் அவர் முரளியைப் போலி டாக்டர் என்று கேலி செய்தபோது மலையே சேர்ந்து சிரித்தது. முரளி ரோஷப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் விவசாயிகள் பயிற்சி மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் அசல் சான்றிதழைக் காட்டுவதாக அறிவித்திருந்தார். அந்த ஞாயிறு இன்றுதான்.

"எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டார் ஸ்டெல்லா.

"நேத்துச் சாயங்காலமுங்க. நான் மதியமே திண்ணனூர் நாட்டுக்கு ஒரு தோட்டம் பாக்கப் போயிட்டேன். என் சம்சாரம் வனிதா சந்தைக்குப் போயிட்டா. திரும்பி வந்தா கட்டில்மேல ஃபைல் திறந்து கெடக்குது. கொல்லையில வெந்நீர் அடுப்புல இந்தச் சாம்பல். ஊட்டுச் சாவி நிலைப்படி மேலதாங்க இருக்கும். வந்து போறவங்க எல்லாத்துக்கும் தெரியும்."

"ஃபைல்ல வேற என்ன போச்சு?"

"பி.எச்டி. மட்டுந்தாங்க. பத்தாவது, பன்னெண்டாவது, பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி., சாதிச் சான்றிதழ் எல்லாம் பத்திரமா இருக்குது."

ஸ்டெல்லா கருகிய துண்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எதுல ஆராய்ச்சி பண்ணினீங்க?" என்றார்.

முரளியின் முகம் சிவந்தது. "நூற்புழுவுங்க. மண்ணுக்குள்ள இருந்து வேரைத் தின்னுற, கண்ணுக்குத் தெரியாத புழு. அதை நான் யாருக்கும் சொன்னதில்லீங்க. புழு டாக்டர்னு சிரிப்பாங்கன்னு அக்ரின்னு மட்டும் போட்டுக்கிட்டேன். வனிதாவுக்கே அவ்வளவுதான் தெரியும்."

"எல்லாத்துலயும் டாக்டர்னு போட்டுக்கணுமா?"

"போடலைன்னா மலைக்காரன் சொல்றதை யாரு கேப்பாங்கன்னு போட்டேன் மேடம்." அவர் தட்டையே பார்த்தார். "போட்டதாலதான் யாரும் நம்பலீங்க."

அவர் வெளியே போய் உட்கார்ந்ததும் பூபாலன் மேசைக்கு அருகே வந்தார். "மேடம், இதுல விசாரிக்க என்னங்க இருக்குது? இருந்தாத்தானே காட்டறதுக்கு? இன்னைக்கு மாட்டிக்குவோம்னு அவரே எதையோ எரிச்சுப்போட்டு வந்திருக்காரு."

"இருக்கலாம்," என்றார் ஸ்டெல்லா. "நீங்க ஒரு வேலை பண்ணுங்க. அவர் இதுவரைக்கும் போட்ட எல்லாத்தையும் பாருங்க. வீடியோவையும் விடாதீங்க. புழுன்னு எங்கயாவது சொல்லியிருக்காரான்னு எனக்குத் தெரியணும். பாலசுப்பிரமணியம் சார் பக்கத்தையும் பாருங்க."

ஜீப் அரியூர் நாட்டுக்குப் போகும் வழியெல்லாம் பூபாலன் கைபேசியைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

வனிதா வாசலில் நின்று பதில் சொன்னாள். உள்ளே வரச் சொல்லத் தோன்றாத அளவுக்குக் குழம்பியிருந்தாள்.

"அவர் என்ன படிச்சார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அக்ரிங்க." சேலை முந்தானையை விரலில் சுற்றினாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே முடிச்சுட்டாருன்னு சொன்னாங்க. நான் அந்தக் காயிதத்தப் பாத்ததில்லீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மேடம், அவரே பண்ணியிருந்தா கேஸு கீஸுன்னு ஆகுமுங்களா? நாலு பேரு கேலி பண்றாங்கன்னு பயந்து பண்ணியிருந்தா?"

ஸ்டெல்லா அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதை அவர்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டுட்டேனுங்க," என்று வனிதா தலை குனிந்தாள்.

கொல்லையில் அடுப்பு இன்னும் அப்படியே இருந்தது. காலையில் குளிக்க மூட்டினால் மாலைவரை கங்கு இருக்கும் என்று வனிதா சொன்னாள். தீப்பெட்டிகூடத் தேவைப்பட்டிருக்காது.

அடுத்து பயிற்சி மண்டபம். வேளாண்மைத் துறைக் களப்பணியாளர் இமானுவேல் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். மனதில் இருந்ததை மறைக்கவே இல்லை.

"அவர் டாக்டர்னு நிரூபிச்சா எனக்கு நல்லதில்ல மேடம். நான் வெறும் டிப்ளமோ. இப்பவே எங்கிட்டக் கேக்குறதை நிறுத்திட்டு அவர் வீடியோவைத்தான் பாக்குறாங்க. ஆனா சர்டிஃபிகேட்டை எரிக்கிற அளவுக்கு எனக்குத் தைரியமில்ல."

"அவர் எதுல ஆராய்ச்சி பண்ணினார்னு தெரியுமா?"

"மிளகுலதானே? எப்பப் பாரு மிளகைத்தானே பேசுறார்."

வெளியே வந்ததும் பூபாலன், "நேத்து மதியம் இவரு எங்க இருந்தாருன்னு கேக்கலையே மேடம்?" என்றார்.

"கேக்கத் தேவைப்பட்டாத் திரும்பி வருவோம்."

பேராசிரியர் பாலசுப்பிரமணியம் அவர்களை வரவேற்று நாற்காலி போட்டார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போடப்பட்டிருந்தது. சான்றிதழ் எரிந்த செய்தியைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

"நான் என்னம்மா சொல்றது? கேள்வி கேக்கறது என் உரிமை. இப்ப எல்லாரும் பேருக்கு முன்னாடி எதையாவது ஒட்டிக்கிறாங்க. கேக்க ஆள் வேண்டாமா?"

"கட்டாயம் வேணும் சார். முரளி விஷயத்துல உங்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்தது?"

"அவன் பேச்சே அப்படி. படிச்சது புழுவைப் பத்தி, ஊருக்குச் சொல்றது மிளகைப் பத்தி. இதை என்னன்னு எடுத்துக்கறது?"

"அதுவும் சரிதான்," என்றார் ஸ்டெல்லா. "மதியம் மண்டபத்துக்கு வந்துடுங்க சார். நாங்களும் அங்கதான் இருப்போம்."

ஜீப்பில் ஏறியதும் பூபாலன் தன் தேடலைச் சொன்னார். முரளியின் பதிவு எதிலும், வீடியோ எதிலும் புழு என்ற பேச்சே இல்லை. பேராசிரியரின் பக்கம் தினமும் மூன்று நான்கு பதிவுகளோடு பரபரப்பாக ஓடியிருக்கிறது. நேற்று மதியத்திலிருந்து ஒரு வரிகூட இல்லை.

"உடம்பு சரியில்லையோ என்னவோங்க," என்றார்.

"அப்படித்தான் தெரியுது," என்றார் ஸ்டெல்லா.

மதியம் மண்டபம் நிரம்பிவிட்டது. முரளி எதைக் காட்டப்போகிறார் என்று பார்க்க மலையின் பல நாட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் விதை மூட்டைகள் அடுக்கிய அறையில் ஸ்டெல்லா நான்கு பேரையும் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். முரளியும் வனிதாவும் ஒரு பக்கம். இமானுவேலும் பேராசிரியரும் எதிரில். பூபாலன் கதவருகே நின்றார்.

"முரளியே எரிச்சிருப்பார்னு இந்த ரூம்ல பாதிப் பேர் நினைக்கிறீங்க," என்று தொடங்கினார் ஸ்டெல்லா. "காலையில எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. ஆனா பட்டமே இல்லாதவர் எதை எரிப்பார்? வெறும் காகிதத்தை எரிச்சுட்டுச் சான்றிதழ்னு சொல்லியிருக்கலாம்னா, இந்தத் துண்டு அதுக்கு இடம் கொடுக்கல. முத்திரை அழுத்தி அச்சடிச்ச கெட்டிக் காகிதம். இன்னொண்ணு, அவர் நாடகம் ஆடியிருந்தா ஃபைலோட கொளுத்தியிருப்பார். பி.எஸ்ஸி.யையும் சாதிச் சான்றிதழையும் பொறுக்கி வச்சிருக்க மாட்டார். இதைச் செஞ்சவர் உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் படிச்சிருக்கார். ஒண்ணை மட்டும் எடுத்திருக்கார்."

"போலின்னு கண்டுபிடிச்சு எரிச்சிருக்கலாமில்லீங்களா?" என்றார் பூபாலன்.

"போலியா இருந்தா எதுக்கு எரிக்கணும்? ஃபோன்ல படம் எடுத்தா முரளி கதை முடிஞ்சது. அது அசலா இருந்ததாலதான் எரிஞ்சது. அசலா இருந்தா இன்னைக்கு யாருக்கு நஷ்டம்?"

இமானுவேல் நாற்காலியில் நெளிந்தார்.

"உங்களுக்கும் நஷ்டம்தான். ஆனா முரளி படிச்சது மிளகுன்னு சொன்னீங்க. வனிதா அக்ரின்னு சொன்னாங்க. அந்தச் சான்றிதழைக் கையில எடுத்த யாரும் அப்படிச் சொல்ல முடியாது. அதுல அவர் பாடம் அச்சாகியிருந்தது. நூற்புழுவியல். வெக்கப்பட்டு அவர் பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லாத பாடம்." ஸ்டெல்லாவின் குரல் உயரவில்லை. "இன்னைக்குக் காலையில அதை எங்கிட்டச் சொன்னவர் முரளியைத் தவிர ஒருத்தர்தான். சார், உங்களுக்குப் புழு எப்படித் தெரிஞ்சது?"

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நேர்ல கேக்கலாம்னுதான் போனேன்," என்றார். "ஊரைக் கூட்டி அசிங்கப்படாதே, தனியா எங்கிட்டக் காட்டுன்னு சொல்ல நினைச்சேன். வீடு பூட்டியிருந்தது. முன்னாடி இவங்க வீட்டுக்கு மிளகு நாத்து வாங்கப் போனப்ப சாவி வைக்கிற இடத்தைப் பாத்திருக்கேன். பாத்துட்டு வச்சிடலாம்னு உள்ள போயிட்டேன். கையில எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு அசல்னு. எத்தனை பிள்ளைகளுக்கு இதே கையால கொடுத்திருக்கேன்." அவர் உள்ளங்கையைப் பார்த்தார். "நாளைக்கு இத்தனை பேர் முன்னாடி என்ன முகத்தை வச்சுக்கிட்டு நிக்கறதுன்னு ஒரே நினைப்பு. கொல்லைப்பக்கம் போனேன். அடுப்புல கங்கு இருந்தது."

"ஏன் சார் நம்பல?" என்று முரளி கேட்டார். அதட்டலாக இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார். "டியூஷன்காரர் விஷயத்துல யுனிவர்சிட்டிக்கே எழுதிக் கேட்டீங்களே. எனக்கு ஏன் கேக்கல?"

"மலையில பிறந்த பையன்," என்றார் பேராசிரியர். "இவனுக்கு எங்க… இவருக்கு எங்கன்னு. கேட்டுப் பாக்கணும்னுகூடத் தோணல."

பூபாலன் கதவருகிலிருந்து முன்னால் வந்தார்.

"நானும் சிரிச்சு ஷேர் பண்ணினவன்தாங்க," என்றார் முரளியிடம். "முள்ளுக்குறிச்சி குரூப்ல போட்டதே நான்தான். தப்புங்க."

பேராசிரியர் கைபேசியை எடுத்தார். "இப்பவே என் பக்கத்துல எழுதிடறேன். யுனிவர்சிட்டியில நகல் வாங்கவும் நானே அலையறேன். கேஸ் மட்டும்…"

"கேஸ் எழுதிக்கிங்க மேடம்," என்றார் முரளி. "வயசான மனுசன்னு விட்டுட்டா, நானே எரிச்சேங்கற பேச்சு அப்படியே நின்னுபோயிடும்."

பேராசிரியர் தலையசைத்தார். ஒற்றை விரலால், கண்ணாடி இல்லாமல், கைபேசியை முகத்தருகே பிடித்துத் தட்டினார். முரளியின் டாக்டர் பட்டம் அசல் என்றும், தானே அதைத் திருட்டுத்தனமாகப் பார்த்து எரித்ததாகவும் எழுதினார். ஒரு சொல்லைக்கூட மழுப்பவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் கைபேசிகள் ஒவ்வொன்றாக ஒலித்தன. சலசலப்பு எழுந்தது. பிறகு சிரிப்பு. பேராசிரியர் திரையைப் பார்த்துவிட்டுக் கைபேசியை நீட்டினார். பூபாலன் வாங்கிப் படித்தார். பதில்கள் வந்துகொண்டே இருந்தன. 'எவ்வளவு வாங்கினீங்க சார்?' 'ஸ்டேஷன்ல மிரட்டி எழுத வச்சாங்களா?' 'ரெண்டு பேரும் கூட்டுக் களவாணி.' ஒருவர்கூட நம்பவில்லை.

"நிஜம்னு சொல்லுங்கம்மா," என்று பேராசிரியர் ஸ்டெல்லாவிடம் கெஞ்சினார். "நீங்க போய்ச் சொன்னா நம்புவாங்க."

ஸ்டெல்லா மேடைக்குப் போய் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். கூட்டம் சிரிப்பை நிறுத்தியது. நம்பியதா என்று சொல்வதற்கில்லை. வந்தவர்கள் சத்தமில்லாமல் கலைந்தார்கள். சிலர் முரளியைக் கடக்கும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

முரளி புகாரில் கையெழுத்துப் போட்டார். பெயருக்கு முன்னால் எதுவும் எழுதவில்லை. வெளியே வந்து பைக்கைக் கிளப்பினார். வனிதா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏறு கண்ணு," என்றார் அவர். "கெட்டியாப் புடிச்சுக்க. ரோடு மோசமாக் கெடக்குது."

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் தோளைப் பிடிக்கப் போன கை, அவரிடம் தான் கேட்ட கேள்வியின் நினைப்பில் பாதியில் நின்றது. பின்னால் நகர்ந்து வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.