சைக்கிள் பாட்டில் ஓடுகிறவன்

காலையில் வேலைக்கு வந்ததும் முகிலரசி முதலில் காகங்களைத்தான் பிரித்தெடுப்பாள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய காகங்கள். குரல்பிரிப்பான் என்கிற இயந்திரம் ஒரு காட்சியின் ஒலியை வெங்காயம் உரிப்பதுபோல் உரித்துப் போடும். மேலே பாட்டு, அதற்குக் கீழே வயலின், அதற்கும் கீழே காற்று, மாட்டின் கழுத்துமணி, காகம். ஸ்டூடியோ ஜன்னலுக்கு வெளியே மின்கம்பியில் உட்கார்ந்து கத்தும் காகத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. எல்லாவற்றையும் உரித்து முடித்தால் அடியில் மனிதர்கள் கிடைப்பார்கள். அவர்கள் பேசும் பழைய தமிழை இன்றைய தமிழில் எழுதித் திரைக்கு அடியில் ஓடவிடுவதுதான் அவள் வேலை. பழந்தமிழ் ஒலியியல் படித்தவள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

படத்தின் பெயர் 'சோழநாட்டில் ஒரு சைக்கிள்'. நாற்பது வருஷத்துக்கு முன்னால், காலத்துளை திறந்த புதிதில் எடுத்தது. ஒரு தபால்காரன் சைக்கிளோடு துளைக்குள் விழுந்து சோழர் காலத்துக்குப் போய்விடுவான். அங்கே பாடுவான், அரண்மனைக் காவலர்களுக்கு பெல் அடிக்கக் கற்றுக்கொடுப்பான், யானையோடு பந்தயம் விடுவான். செட் போடவில்லை, துணை நடிகர்கள் இல்லை. நடிகரையும் கேமராவையும் உண்மையாகவே அந்தக் காலத்துக்கு அனுப்பி எடுத்தார்கள். அங்கே இருந்தவர்களுக்குத் தாங்கள் சினிமாவில் இருப்பது தெரியாது. பிறகு சட்டம் வந்து துளையை மூடியது. படத்தை யாரும் மூடவில்லை.

அங்கே போய் எதையாவது கெடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான்: நடந்தது நடந்ததுதான். நாம் போனதும் நடந்ததிலேயே அடக்கம். இது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

படத்தின் உயிர் சைக்கிள் பாட்டு. வீதியில் ஒருவன் வருவான். இடுப்பில் ஒரு துண்டு, கையில் ஒரு கூடை. தபால்காரன் அவனைப் பார்த்துக் கைகொடுக்கப் போவான். அவன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவான். சைக்கிள் துரத்தும். அவன் வரப்பில் ஏறுவான், சேற்றில் விழுவான், எழுந்து மறுபடி ஓடுவான். கடைசி அடியில் தபால்காரன் அவனைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொள்வான். 'எல்லாரும் ஒரு சாதி, ஏறிக்கோ என் வண்டி' என்று பாட்டு முடியும். அந்த அணைப்புக்காகவே படத்துக்கு விருது கிடைத்தது. சமத்துவத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன படம் என்று பேர். எந்த ஊரில் திரையிட்டாலும் ஜனங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் பெல் கொண்டுவருவார்கள். பாட்டு வந்ததும் அரங்கம் முழுக்க பெல் அடிக்கும். வாயைப் பொத்திக்கொண்டு பிள்ளைகள் நடுவழியில் ஓடுவார்கள். ஓட்டக்காரன் பொம்மைகூட உண்டு, சாவி கொடுத்தால் ஓடும்.

நாற்பதாம் ஆண்டு பதிப்பில் முதல்முறையாக அந்தக் காலத்து ஆட்களின் மூலக்குரல் வரப்போகிறது. ஓட்டக்காரன் என்ன கத்துகிறான் என்று தெரிந்துகொள்ள ஊரே காத்திருந்தது.

முகிலரசிக்கு அது திங்கட்கிழமை தெரிந்தது. பாட்டை உரித்தாள், பெல்லை உரித்தாள், அவன் மூச்சிரைப்பு கிடைத்தது. அதற்குள்ளே குரல். ஒருமுறை கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு தயாரிப்பு மேலாளர் ரகோத்தமனின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

"சார், வந்து கேளுங்க."

"சக்கரத்தப் பாத்துப் பயந்து ஏதாவது சொல்றானா?"

"சக்கரத்த அவன் பாக்கவே இல்ல."

அவர் வந்து கேட்டார். பழைய தமிழ் அவருக்குப் புரியவில்லை. புரியும்படி அவளே சொன்னாள். 'கிட்ட வராதீங்க சாமி. தீட்டாயிடும். பாத்துக்கிட்டு இருக்காங்க. என்னக் கொன்னுடுவாங்க.' ஓடிய ஓட்டம் முழுக்க இதையேதான் சொல்லியிருந்தான். வாயைப் பொத்தியது மூச்சுக்காற்று எதிராளிமேல் படக்கூடாது என்று.

"கட்டிப்புடிச்சதுக்கு அப்புறமும் கேமரா கொஞ்ச நேரம் ஓடியிருக்கு சார். வெட்டின துண்டு காப்பகத்துல இருக்கு. நம்ம ஆளுங்க துளைப் பக்கம் திரும்பி நடக்கிறாங்க. பின்னால அவன் குரல் கேக்குது. அடி விழுற சத்தம் கேக்குது. அப்புறம் அவன் குரல் இல்ல."

ரகோத்தமன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவள் பேரைச் சரியாக உச்சரிப்பவர், எல்லாருக்கும் முன்னால் அவளைத் திறமைசாலி என்று சொன்னவர்.

"நடந்தது நடந்ததுதானேம்மா. நாம போகலைன்னாலும் அந்தக் காலத்துல..."

"நாம போனதாலதான் சார் நடந்தது. அவன் பாட்டுக்கு ஒதுங்கிப் போயிட்டு இருந்தான். நாமதான் தொரத்திப் புடிச்சோம். புடிச்சு, எல்லாரும் ஒரு சாதின்னு பாடிட்டு, அவன அங்கயே விட்டுட்டு வந்துட்டோம்."

"சனிக்கிழமை ரிலீஸ். மூவாயிரம் பேரு பெல்லோட வருவாங்க. அவங்ககிட்ட இதையா காட்டச் சொல்ற?"

"வேற என்னத்தக் காட்டுறது?"

"ரெண்டு சக்கரத்துல பேய் வருதுன்னு கத்துறான்னு வையேன். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"அப்ப நீங்களே எழுதிக்குங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் எழுதினா நாளைக்கு எவனாவது கேள்வி கேப்பான். நீ எழுதினா கேக்க மாட்டான். உங்க ஆளுங்கள்ல ஒருத்தரே எழுதினதுன்னு இருக்கும். உன் பேரு தனியா, முழுத் திரையில வரும். வேலையையும் நிரந்தரம் பண்ணிடலாம்."

உங்க ஆளுங்க. இந்தக் கட்டடத்தில் யாரும் சாதி பார்ப்பதில்லை என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லியிருந்தார்கள். பார்க்காமலேயே எப்படித் தெரிந்ததாம்? கேட்டிருக்க வேண்டும். வாயாடி என்று கல்லூரியில் பேரெடுத்தவள், விடுதிச் சோற்றில் புழு கிடந்ததற்குத் தட்டோடு முதல்வர் அறைக்குப் போனவள், கேட்கவில்லை. மகள் பெயர் திரையில் வரப்போகிறது என்று அம்மா ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். ஒரு வரிதானே என்று முகிலரசி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செத்தவனுக்கு என்ன தெரியப்போகிறது என்றும் சொல்லிக்கொண்டாள். விசைப்பலகையை இழுத்து எழுதினாள்: 'ஐயய்யோ, ரெண்டு கால் சக்கரப் பேயி வருதுடோய்.'

ரகோத்தமன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அந்த 'டோய்' இருக்கே, அது எங்களுக்கெல்லாம் வராது" என்றார்.

சனிக்கிழமை அம்மா தவமணி விழுப்புரத்திலிருந்து பட்டுச்சேலையில் வந்திறங்கினாள். கைப்பையில் ஒரு பெல். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன பழைய சைக்கிளில் இருந்து கழற்றித் துருவைத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு இரண்டாவது வரிசையில் இடம். பக்கத்து இருக்கையில் வைரத்தோடு போட்ட ஒரு அம்மாள். இருவரும் அதற்குள் பேச்சில் சேர்ந்துவிட்டார்கள்.

"எம்பொண்ணுதான் எழுதியிருக்கு."

"அப்படியா? கெட்டிக்காரப் பொண்ணு."

சைக்கிள் பாட்டு வந்தது. மூவாயிரம் பெல். ஓட்டக்காரன் வாயைப் பொத்தினான், 'டோய்' திரையில் வந்தது, அரங்கம் இருக்கையைவிட்டு எழுந்து சிரித்தது. அம்மா கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். பக்கத்து அம்மாளின் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அந்த அம்மாளும் தட்டினாள். மேடை ஓரத்தில் நின்ற முகிலரசிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. யாரோ தன்னை நடுவீதியில் நிற்கவைத்துத் துணியை உருவியதுபோல் இருந்தது. உருவியது வேறு யாரும் இல்லை என்பதுதான் தாங்கவில்லை.

படம் முடிந்ததும் தொகுப்பாளன் அவளை மேடைக்கு இழுத்தான். "இந்த வரிய எழுதினவங்க இவங்கதான். மேடம், ஒரே ஒரு தடவ ஓட்டக்காரன் மாதிரியே சொல்லிக் காட்டுங்க."

மைக் கைக்கு வந்தது. முன்வரிசையில் ரகோத்தமன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவள் வாயைத் திறந்தாள். தான் எழுதிய வரி வரவில்லை. ஐந்து நாளாகக் காதுக்குள் கிடந்ததுதான் வந்தது.

"வாராதேயும் உடையீர். வாராதேயும். கொல்வர்."

அரங்கம் அதிர்ந்தது. அந்தப் பழைய பேச்சும் அந்த நடுங்கிய குரலும் இன்னும் பெரிய வேடிக்கையாகப் போய்விட்டன. பெல் சத்தம் காதைக் கிழித்தது. எல்லாரையும்விட வேகமாக அம்மா அடித்தாள், இருக்கையில் குதித்துக் குதித்து.

முகிலரசி காத்திருந்தாள். சத்தம் கொஞ்சம் இறங்கியதும் அதையே தன் தெருப் பேச்சில் சொன்னாள்.

"கிட்ட வராதீங்க சாமி. தீட்டாயிடும். பாத்துக்கிட்டு இருக்காங்க. என்னக் கொன்னுடுவாங்க." பிறகு, "இதுதான் அவன் சொன்னது. கொன்னுட்டாங்க. பேயின்னு எழுதினது நான்" என்றாள்.

மைக்கை யாரோ அணைத்தார்கள். பின்வரிசைகளில் பெல் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே சரியாகக் கேட்டிருக்காது. முன்வரிசைகளில் மட்டும் ஒவ்வொன்றாக நின்றது.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா உள்ளங்கையால் பெல்லைப் பொத்தியிருந்தாள். மேடையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாளை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து மடியில் சுருட்டிக்கொண்டு, இருவருக்கும் நடுவே இருந்த கைப்பிடியிலிருந்து முழங்கையை எடுத்துவிட்டு, ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள்.