ஐஸ் முதலாளி போட்ட ஊசி

காலை ஏழு மணிக்கு, வட்டக்கோட்டைப் பக்கத்துப் பேரின்ப முதியோர் இல்லத்தில் மூன்றாவது பிணம் கிடந்தது. மூன்றுமே அந்த வாரத்துப் பன்றிக்காய்ச்சல் சாவுகள். இல்லத்தின் முதலாளி நேசையன் போலீசுக்கு ஆள் அனுப்பி, அவர்கள் வந்ததும் வராததுமாகக் குற்றவாளியையும் காட்டிக் கொடுத்தார். சமையல்காரி அன்னக்கிளி. சந்தைக்குப் போய்க் காய்ச்சலைக் கொண்டுவந்து கஞ்சியோடு விளம்பிவிட்டாளாம்.

இன்ஸ்பெக்டர் குளோரிக்கு இந்த மாதிரிப் புண்ணியவான்களைக் கண்டாலே குமட்டும். மீனுக்கு ஐஸ் விற்கும் கம்பெனியில் சம்பாதித்த மனிதர், கக்கூஸ் கதவிலும் தன் பெயரை எழுதி வைத்திருந்தார்.

"தடுப்பூசி போட்டீங்களா?"

"பின்னே? வேலைக்காரங்களுக்கு மருந்து வந்த அன்னைக்கே போட்டாச்சு. வயசானவங்களுக்கு, பணம் குடுக்கற துபாய்க்காரங்க போட்டோவுக்கு வந்தப்ப போட்டோம். அதுவரைக்கும் மருந்து எங்க கம்பெனி ஐசுக்குள்ள இருந்துச்சு. கவர்மெண்டு ஆஸ்பத்திரியில கூட அம்புட்டு குளிர் கிடையாது மேடம்."

அன்னக்கிளி அடுக்களை வாசலில் நின்றாள். "எனக்கு பனிக்காய்ச்சலும் இல்ல, சளியும் இல்லம்மா. ஊசி போட்ட அன்னைக்கு கைதான் நொந்துச்சு. என்னை ஜெயிலுல போட்டா பிள்ளைய ரெண்டும் தெருவுல நிக்கும்."

கூடத்தில் கட்டிலுக்குக் கட்டில் இருமல். நர்ஸ் ஜிஷா மருந்துத் தட்டோடு நடந்துகொண்டிருந்தாள். நடுக்கட்டிலில் ஒருத்தி மட்டும் கல்லுப்போல உட்கார்ந்திருந்தாள். நேசையனின் தாய் ரோசம்மாள். அவளும் அதே கஞ்சி குடித்தவள்தான்.

"எங்க அம்மைக்கு ஒரு தும்மல் இல்ல. எல்லாம் கர்த்தர் கிருபை," என்றார் நேசையன்.

சுவர் முழுக்கப் போட்டோக்கள். கிறிஸ்துமஸ், கொடியேற்றம், சேலை வழங்கும் விழா. எல்லாவற்றிலும் ரோசம்மாள் மாலையோடு நடுவில் இருந்தாள். தடுப்பூசிப் படத்தில் கிழவிகள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ரோசம்மாள் இல்லை. குளோரி அந்தப் படத்தின் முன்னால் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு நடுக்கட்டிலுக்கு வந்தாள்.

"ஒங்களுக்கு எங்க ஊசி போட்டாவ?"

"வடசேரி டாக்டர்ட்ட. இந்தப் படம் எடுக்கதுக்கு முந்துன நாளு மவன்தான் காருல கூட்டிட்டுப் போனான். கை நொந்து தூக்க முடியல்ல."

குளோரி நேசையன் பக்கம் திரும்பினாள்.

"கர்த்தரை இதுக்குள்ள இழுக்காதீங்க," என்றாள் குளோரி. "மீனு ஐசுல கெடாது. இந்த மருந்து உறைஞ்சா வெறும் தண்ணி. நர்ஸ் ஜிஷாவுக்கு அது தெரியாம இருக்காது. சொன்னியா ஜிஷா?"

நர்ஸ் தலை கவிழ்ந்தாள். "மருந்து கட்டியா இருக்குன்னு படத்துக்கு ரெண்டு நாளு முன்னாலயே சொன்னேன் மேடம். ஐஸ் கம்பெனிக்காரனுக்கு ஐசப் பத்திப் படிச்சுக் குடுக்கியான்னு கேட்டாரு. படம் எடுக்கற அன்னைக்கு, ஆளு வந்தாச்சு, போடுன்னாரு."

"கேட்டீங்களா? தெரியாமச் செஞ்சிருந்தா மடையன்னு விட்டிருப்பேன். தெரிஞ்சதாலதான் பெத்தவளை மட்டும் வடசேரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க. எல்லாத்துலயும் அம்மையை நடுவுல உட்கார வைக்கிற ஆளு, அந்த ஒரு படத்துல மட்டும் ஏன் வைக்கல? காய்ச்சல் எவள் கொண்டுவந்தாலும், இவங்களைக் காப்பாத்தாம விட்டது நீங்க. பழியை அடுப்படிக்காரி தலையில வச்சீங்க."

"நம்ம கம்பெனி பேரு மேடம்..." என்று தொடங்கினார் நேசையன். மூன்று பிணத்துக்கு அப்புறமும் அந்த மனிதனுக்குப் பெயர்தான் பெரிது. தூ என்று துப்பத் தோன்றியது குளோரிக்கு.

ரோசம்மாள் செத்தவர்களின் மூன்று கட்டில்களையும் பார்த்தாள்.

"ஏலே, அப்ப இவளுவளுக்கு நீ போட்டது தண்ணியா?"

கிழவி இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவனைக் கொண்டு போங்க பிள்ளே. நான் பெத்ததுன்னு பாக்காதீங்க."