வேனில் ஓர் ஆரஞ்சு பனியன் அதிகம்

நித்யஸ்ரீ பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததே இல்லை. அதனால் திருப்பூர் வேலம்பாளையத்திலிருந்து அம்மாவின் பனியன் கம்பெனி ஆட்கள் திருச்செந்தூருக்குக் கிளம்பியபோது, அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் ஆளாக வேனில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள்.

கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடக் கூடாதென்று, சூப்பர்வைசர் சென்னியப்பன் காதர்பேட்டை பனியன் சந்தையில் மலிவாகக் கிடைத்த ஆரஞ்சு பனியன்களை வாங்கி எல்லாருக்கும் மாட்டிவிட்டிருந்தார்.

தாமிரபரணியில் குளித்துவிட்டு, வழியில் கொற்கையைப் பார்க்க இறங்கினார்கள். பாண்டியர் காலத்துத் துறைமுகம் அது, முத்துக்குப் பேர்போன ஊர். கடல் எப்போதோ பின்வாங்கிவிட்டது. குளமும் வயலும் ஒரு பழைய வன்னி மரமும் இருந்தன.

"துறைமுகம்னாங்க. கடலையே காணோம்?" என்று தம்பி யுவன் முறையிட்டான். நித்யஸ்ரீ மண்ணில் ஒரு சிப்பித் துண்டைத் தேடிக் கொடுத்த பிறகுதான் சமாதானமானான்.

எல்லாரும் வேனில் ஏறியதும், சென்னியப்பன் கம்பெனியில் பீஸ் எண்ணுவது போலப் பனியன்களை எண்ணினார். ஒன்று அதிகமாக வந்தது.

பின்சீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று விசும்பிக்கொண்டிருந்தது. அதே ஆரஞ்சு பனியன்.

"முன்னால இன்னொரு திருப்பூர் வேன் நின்னுச்சே, அவிங்களும் இதே பனியன்தானுங்க. நம்மளப் பாத்து ஏமாந்து ஏறியிருக்குது," என்றார் அம்மா சித்ரகலா. அந்த வேன் எப்போதோ போய்விட்டிருந்தது.

குழந்தைக்குத் தமிழ் புரியவில்லை. நித்யஸ்ரீக்குப் பக்கத்து வீட்டு வடநாட்டுப் பிள்ளைகளிடம் கற்ற இந்தி கொஞ்சம் தெரியும். "நாம் க்யா ஹை?" என்று பேர் கேட்டாள்.

"குடியா," என்றது குழந்தை.

"திருச்செந்தூர்ல போலீஸ்கிட்ட ஒப்படைச்சிரலாம்," என்றார் சென்னியப்பன். "நேரமாச்சு. பொழுது சாஞ்சா கடல்ல எறங்க உடமாட்டாங்க."

கடல் என்றதும் நித்யஸ்ரீயின் மனம் துள்ளியது. குடியாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, இவிங்கம்மா தேடிட்டு இங்கதானுங்க வருவாங்க? நாம போயிட்டா அவிங்க என்ன பண்ணுவாங்க?"

"நீதான கண்ணு கடல், கடல்னு குதிச்ச?"

"பரவால்லீங்க மாமா." சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சாலையோரம் வேனை நிறுத்திக் காத்திருந்தார்கள். குடியா நித்யஸ்ரீயின் மடியிலேயே தூங்கிப்போனாள். வெயில் இறங்கத் தொடங்கியபோது ஒரு வேன் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. அது நிற்பதற்குள் ஓர் அம்மா குதித்து ஓடிவந்து, கண்ணில் பட்ட ஆரஞ்சு பனியனை அள்ளிக் கட்டிக்கொண்டார்.

"நானில்லீங்க, நானில்லீங்க!" என்று திமிறினான் யுவன்.

சத்தம் கேட்டு விழித்த குடியா, "மம்மி!" என்று ஓடினாள். யுவன் விடுதலையானான்.

திருச்செந்தூர் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கரையில் நின்ற காவலர் விசில் ஊதி, "யாரும் கடலில் இறங்கக் கூடாது," என்றார்.

நித்யஸ்ரீ இறங்கவில்லை. ஈர மணலில் அப்படியே நின்றாள். ஒரு பெரிய அலை ஏறி வந்து, அவள் முழங்கால்வரை நனைத்துவிட்டுப் போனது.