தாஸ்யாவுக்கு வைத்த தண்ணீர்

டாங்கியின் மூடியை மூடித்தான் வரைந்திருந்தான் திமோஃபெய். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. படம் கேட்ட போர் அருங்காட்சியகத்துக்காரர் தொலைபேசியில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். "மூடி திறக்கல தம்பி. திறந்திருந்தா பொழைச்சிருப்பாங்க. பாக்கறவனுக்கு அது தெரியணும்."

இன்று பிற்பகல் விளக்கைப் போட்டபோது, படத்தில் முன்னால் நின்ற எரிந்த டாங்கியின் கோபுரத்தில் மூடி நிமிர்ந்து நின்றது. அதனடியில் வட்டமாக ஒரு கறுப்பு.

மேசை முழுவதையும் அடைத்துக் கிடந்தது காகிதம். சன்னலுக்கு வெளியே தெரியும் அதே புல்வெளிதான் படத்திலும். இப்போதும் கலப்பை போனால் துருப்பிடித்த டாங்கிச் சங்கிலிக் கண்ணிகள் மேலே வரும் நிலம். படத்தில் அடிவானம் வரை டாங்கிகள். சில கவிழ்ந்தவை, சில கோபுரம் பறந்தவை. நேற்று மாலை மையில் தண்ணீர் கலந்து, சாம்பல் நிறத்தில் புகையைப் பூசி முடித்திருந்தான்.

தூங்காத கண் என்று நினைத்துக்கொண்டான். சவர பிளேடை எடுத்து மூடியைச் சுரண்டினான். காய்ந்த மை தூளாக உதிர வேண்டும். உதிரவில்லை. காகிதம் ஈரமாக இருந்தது. விரலை முகர்ந்தான். டீசல் வாடை.

கதவு தட்டப்படவில்லை, நேராகத் திறந்தது. இந்த ஊரில் கிளாவா அத்தை மட்டும்தான் அப்படி வருவாள். பக்கத்து வீட்டுக்காரி. கையில் பால் ஜாடியும் துணியில் சுற்றிய முட்டைக்கோஸ் பணியாரமும்.

"தீமா! உயிரோட இருக்கியாடா? உன் வீட்டுப் புகைபோக்கியில புகையே காணோம்."

"மூட்டணும் அத்தை."

"உனக்கு எல்லாமே நாளைக்குத்தான். அந்தத் தாடியில என் கோழியைக் கொண்டாந்து அடை வைக்கப்போறேன் பாரு." சொல்லிக்கொண்டே பூட்ஸைக் கழற்றினாள். சாவு வீட்டு வழக்கப்படி துணி போட்டு மூடியிருந்த கண்ணாடியைக் கடந்து, அவன் மனைவி தாஸ்யாவின் புகைப்படம் இருந்த அலமாரிக்குப் போனாள். படத்தின் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர். செத்தவர்களுக்கு நாற்பது நாள் வைக்கும் தண்ணீர். கிளாவா அத்தைதான் வைத்தது, மேலே ஒரு துண்டுக் கறுப்பு ரொட்டியோடு. "அடியம்மா, பாதி குடிச்சிருக்காளே! குடி கண்ணு, நல்லா குடி." பிறகு குனிந்தாள். "ஏன்டா தண்ணி இப்படிக் கறுத்திருக்கு? ரொட்டி எங்க?"

ரொட்டி மேசையில் மைப்புட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது.

கல்லூரிக் காலத்திலிருந்தே உள்ள பழக்கம் அது. வரையும்போது கைக்கு எட்டிய கிளாஸில் தூரிகையை விடுவான். தாஸ்யாவின் தேநீரில் எத்தனையோ முறை விட்டிருக்கிறான், அவள் அலறுவாள். இப்போது அலற ஆளில்லை.

"பிரஷ்ஷை விட்டுட்டேன் போல."

"பிரஷ்ஷையா?"

"புகை வரையறதுக்கு. மையில கலக்கணும்ல."

கிளாவா அத்தை மெல்ல உட்கார்ந்தாள். படத்தின் பக்கம் பார்க்கவில்லை. "அவ தண்ணியை எடுத்து அவங்களுக்குக் குடுத்திருக்கியேடா, படிச்ச முட்டாளே." குரல் இறங்கியது. "என் மாமனார் இந்த வயல்ல டிராக்டர் ஓட்டினவரு. எவ்வளவு வெயிலா இருந்தாலும் வயலுக்குள்ள நின்னு தண்ணி குடிக்கமாட்டாரு. ரோட்டுக்கு வந்துதான் வாயில வைப்பாரு. கேட்டா, 'அங்க குடிச்சா பாக்கறாங்க'ம்பாரு. டாங்கிக்குள்ளயே வெந்து செத்தவனுக்கு எவ்வளவு தாகம் இருக்கும், நீயே சொல்லு."

அவன் பிளேடை மேசையில் வைத்தான்.

"நாளைக்கு நாற்பது. அவ கெளம்பற நாள். தாகத்தோட போகக்கூடாது. இதைக் கொட்டிட்டுப் புதுசா வை. அந்தக் காகிதத்தை அடுப்புல போடு, அடுப்பும் எரிஞ்ச மாதிரி ஆச்சு." எழுந்தாள். "நான் இருந்திருப்பேன். மாடு கத்துது."

அவள் பூட்ஸ் சேற்றில் அமுங்கி எழும் ஓசை வேலி வரை கேட்டது. பிறகு அதுவும் இல்லை. நவம்பர் மாத வெளிச்சம் சீக்கிரமே வடிந்தது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு தாஸ்யா கேட்டது தண்ணீர் மட்டும்தான். கொடுக்கக்கூடாது என்றார் டாக்டர். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினார்கள். அவள் அந்தப் பஞ்சைச் சப்பினாள். அப்படியே போனாள். அதற்குப் பின் இவனுக்கு அழுகை வரவில்லை, பசி வரவில்லை. ஆனால் இந்த ஒரு கிளாஸ் அவளுக்குச் சேர வேண்டும். அது மட்டும் வேண்டும்.

பழைய தண்ணீரைக் கொட்டினான். வாளியிலிருந்து புதிதாக நிரப்பி, ரொட்டியை மேலே வைத்தான். காகிதத்தைச் சுருட்டத் தொடங்கினான்.

அப்போது கேட்டது. தடித்த இரும்பின் உட்புறத்தில், வலுவில்லாத ஒரு கை, எதையோ பிடித்துத் தட்டுவது போன்ற ஓசை. வெளியிலிருந்து அல்ல, அடுப்பிலிருந்து அல்ல, அவன் உள்ளங்கையின் கீழிருந்து, சுருண்ட காகிதத்தின் மடிப்புகளுக்குள்ளிருந்து, கூடவே சூடான எண்ணெயும் கருகிய கம்பளியும் கலந்த நாற்றம்.

அலமாரியில் ரொட்டி கிளாஸுக்குள் விழுந்தது. கிளாஸ் காலி.

காகிதத்தை விரித்தான்.

எல்லா மூடிகளும் திறந்திருந்தன. டாங்கிகளுக்கு நடுவே மனிதர்கள் நின்றார்கள். அவன் வரையாத மனிதர்கள். அவன் கோடு தடித்தது. இவை மெலிந்து நடுங்கிய கோடுகள். கண் இல்லை, மூக்கு இல்லை. வட்டமாகத் திறந்த வாய் மட்டும். முன்னாலிருந்து அடிவானம் வரை ஒரே வரிசை.

வரிசையின் கடைசியில், நகத்தைவிடச் சிறிதாக, ஆஸ்பத்திரி அங்கி. வெறுங்கால். இடது தோள், தாஸ்யாவுடையதைப் போலவே, சற்று இறங்கியிருந்தது.

அடுப்பை மறந்தான்.

கிளாஸை நிரப்பிப் படத்தின் மேல் ஊற்றினான். காகிதம் நனையவில்லை. ஒரு துளி மேசைக்கு வரவில்லை. முதலில் நின்றவன் டாங்கிக்குள் இறங்கினான். மூடி விழுந்தது. வரிசை ஓரடி நகர்ந்தது.

"தாஸ்யா, கொஞ்சம் பொறு. இதோ."

வாளியோடு கிணற்றுக்கு ஓடினான். ஊற்றினான். மீண்டும் ஓடினான். மூடிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவள் வளர்ந்தாள். விரலளவு ஆனாள். முகம் குனிந்திருந்தது. ஒருமுறை அவள் ஒதுங்கி, பின்னாலிருந்து தவழ்ந்து வந்த ஒருவனுக்கு வழி விட்டாள். கடைகளிலும் அப்படித்தான் செய்வாள்.

"விடாதேடி! நீ வா!"

கிணற்றில் வாளி சேற்றைச் சுரண்டியது. பால் ஜாடியைக் கவிழ்த்தான். போயிற்று. ஊறவைத்த வெள்ளரிக்காய்ப் பானையின் உப்புத் தண்ணீர். போயிற்று. இன்னும் ஒருவன். அதன் பின் அவள். வாளியின் அடியில் ஒரு கை கலங்கல் மிச்சம். மண்டியிட்டு வழித்துக் கிளாஸில் பிடித்தான்.

முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்தான். விலகினான்.

தாஸ்யா வந்தாள். உள்ளங்கை அளவு. கை அளவு. படத்தின் விளிம்புவரை.

ஊற்றினான். குடித்தாள்.

"போதுமா? தாஸ்யா?"

ஓசை. இரும்பு. விழுந்த மூடிகள் மறுபடி எழுந்தன. முதலாவது. அடுத்தது. அடிவானம் வரை.

அவள் தலை நிமிர்ந்தாள். கண் இருந்த இடம் வெள்ளை. வாய் வட்டமாகத் திறந்திருந்தது, மற்றவர்களுடையதைப் போலவே. விரல்கள் காகித விளிம்பைப் பற்றின. மேசை மரத்தின் மேல் வந்தன. ஈரமாக. கறுப்பாக. தடவிக்கொண்டே வந்து அவன் மணிக்கட்டில், நாடி துடிக்கும் இடத்தில் நின்றன.

அவளுக்குப் பின்னால் மறுபடி சேர்ந்த வரிசை கலையாமல் நின்றது.