மூன்றாவது வாய்

காலை ஐந்தரைக்கு அடுப்பேற்றிய சாறு பதினொன்றரைக்குத்தான் பதத்துக்கு வந்தது. பொற்கொடி அகப்பையில் ஒரு வாய் எடுத்து, ஊதிக் குடித்தாள். நன்றாக இருந்தது. உடனே வாயை ஆவென்று திறந்துகொண்டு ஒன்று, இரண்டு என்று ஏழு வரை எண்ணினாள். அவள் காதில் மாட்டியிருந்த செவிமணி அப்போதுதான், "உங்கள் தலைமுடிக்கு ஆயுள் காப்பீடு. உடன்பாடா?" என்று தேன்குரலில் கேட்டிருந்தது. ஏழு நொடி தாண்டியதும் அது பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. பொற்கொடி வாயை மூடினாள்.

ஊரே அப்படித்தான் சாப்பிட்டது. வாய் ருசிக்கும் நேரம் பார்த்துத்தான் மணி கேட்கும்; ஆகவே ருசியாக எதை விழுங்கினாலும் ஏழு நொடி வாய்பிளந்து உட்கார்ந்திருப்பது 2091இல் நல்ல வளர்ப்பின் அடையாளம். கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குப் பிறகு ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு கூரையைப் பார்ப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அதைப் பார்த்தால் பயமாக இருக்கும்.

எல்லாம் 'ம்' செய்த வேலை. முதலில் மக்கள் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் பொத்தானை அழுத்தினார்கள். அதற்கும் சலித்துப்போனபோது அரசு ஒலியுடன்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழர் எதற்கும் 'ம்' கொட்டுகிறவர்கள்; ஆகவே ஆளுக்கொரு செவிமணி, அதுவோ ஓர் அதிகாரியோ 'உடன்பாடா?' என்று கேட்டால் ஏழு நொடிக்குள் வாயிலிருந்து வரும் 'ம்' ஒப்புதல். தலையாட்டலையும் சேர்க்கத்தான் நினைத்தார்கள். ஒரு நிபுணர் குழு மூன்றாண்டு ஆராய்ந்துவிட்டு, தமிழர் தலையாட்டுவது ஆமாவா இல்லையா என்று தமிழருக்கே தெரியவில்லை என்று அறிக்கை கொடுத்துக் கலைந்துபோனது.

'ம்ஹும்' விஷயத்தில் அந்தக் குழப்பம் இல்லை. 'ம்' ஒன்று, 'ஹும்' ஒன்று, ஆக அது இரட்டை ஒப்புதல் என்று அறுநூறு பக்கம் எழுதி முனைவரானவர், உடன்பாட்டு வாரியத்தின் துணை ஆணையர் குலசேகரராஜ். பல்வலியில் முனகிய ஒருவர் தன் தாடையை ஒரு மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக்கொடுக்க நேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரகடத்தில் 'மோரித்தா' கடை மட்டும் தப்பித்திருந்தது. கார்த் தொழிற்சாலைக்கு வந்த ஜப்பான்காரர் மோரித்தா, வேலையை விட்டுவிட்டு நூடுல்ஸ் கிண்டத் தொடங்கிய கடை; அவருக்குப் பிறகு பொற்கொடி நடத்தினாள். வாசலில் பாதி உயரத்துக்கு ஒரு நீலத் துணித்திரை. உள்ளே ஒரு நீள மரப்பலகை, பதினொரு சிவப்பு முக்காலி. பலகைக்கு அந்தப் பக்கமே கொதிக்கும் அண்டாக்கள். வாடிக்கையாளர் முகத்திலேயே ஆவி அடிக்கும். அந்த ஆவிதான் கடையின் கவசம். ஈரம் பட்டால் செவிமணி கெட்டுவிடும் என்பதால் சட்டத்தில் 'ஆவி விலக்கு' என்று ஒன்று இருந்தது. வந்தவர்கள் மணியைக் கழற்றி வாசலில் இருக்கும் மூடிபோட்ட கிண்ணங்களில் வைத்துவிட்டு, உட்கார்ந்து, சர்ரென்று உறிஞ்சி, வாய்நிறைய 'ம்ம்ம்' என்பார்கள். அதற்காகவே செங்கல்பட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்தது.

சுவரில் மோரித்தா தன் கோணல் தமிழில் எழுதிவைத்த பலகை இன்னும் தொங்கியது: 'முதல் வாய் சூடு. இரண்டாவது வாய் உப்பு. மூன்றாவது வாய் பதில்.' பொற்கொடி இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துவிட்டாள். யாராக இருந்தாலும் மூன்றாவது வாயில்தான் அந்த 'ம்' வரும். தன் வாயில் வருமா என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. விலக்கு வாடிக்கையாளருக்குத்தான், உரிமக்காரி காதில் வாரியமே ஆவி தாங்கும் மணி ஒன்றை மாட்டிவிட்டிருந்தது.

அன்று பகல் பன்னிரண்டே காலுக்குத் துணித்திரை விலகியது. முனைவர் குலசேகரராஜ் குனியாமல் உள்ளே வர முயன்று, திரை முகத்தில் சுற்றிக்கொண்டு, பிறகு குனிந்து வந்தார். கையில் ஒரு வெல்வெட் பெட்டி.

"அம்மையீர், வணக்கம். ஆவி தாங்கும் செவிமணிகள் இனி பொதுமக்களுக்கும் கிடைக்கின்றன. பதினொன்று கொண்டுவந்திருக்கிறேன். ஆகவே இக்கடையின் ஆவி விலக்கை நீங்களே மனமுவந்து துறக்கிறீர்கள். உடன்பாடா?"

உறிஞ்சும் சத்தம் சட்டென்று நின்றது. பொற்கொடி வாயைத் திறந்துகொண்டு நின்றாள். ஏழு நொடி.

"ஈ பூந்துடப் போவுது கொடிம்மா," என்றார் கோடி முக்காலியில் இருந்த தஸ்தகீர் பாய். முன்னாள் பத்திர எழுத்தர். 'ம்' வந்து அவர் தொழிலைத் தின்றுவிட்டதால், வன்மத்துக்காகவே அந்தச் சட்டத்தை முழுவதும் படித்தவர். எழுதியவர்கள்கூட அவ்வளவு தூரம் படித்ததில்லை.

"கடை நன்றாக நடக்கிறதா?" என்றார் முனைவர்.

"நடக்குது சார்."

"வெயில் அதிகம், இல்லையா?"

"அதிகந்தான் சார்."

"களைத்துத் தெரிகிறீர்கள். துறந்துவிடலாமே. உடன்பாடா?"

பொற்கொடி மறுபடி வாயைத் திறந்தாள்.

முனைவர் புன்னகைத்தார். "அவசரமில்லை. யாருடைய சம்மதமும் இல்லாமல் வாரியம் எதையும் செய்வதில்லை. சலவைக்கடை ஏகவல்லியிடமும் இதே விலக்கைத் துறக்கச் சொல்லி நான்கு நாள் பொறுமையாகக் கேட்டேன். ஐந்தாம் நாள் தும்மினார். தும்மலின் முடிவில் தெளிவான 'ம்' இருந்தது. நான் நாளையும் வருவேன். அடுத்த மாதமும் வருவேன். உங்களுக்கும் ஜலதோஷம் பிடிக்கும்."

அது உண்மைதான் என்பது பொற்கொடிக்குத் தெரிந்தது. என்றைக்கோ ஒரு நாள் முதுகு பிடித்துக்கொள்ளும், முனகுவாள், அத்துடன் பதினொரு முக்காலியும் வாய்பிளந்து உட்கார்ந்துவிடும்.

"பெரிய ஆபீசருங்கள அனுப்பாம உங்கள அனுப்பியிருக்காங்களே சார்," என்றார் பாய் அனுதாபமாக. "உங்க பேச்சு செல்லுங்களா?"

முனைவர் நிமிர்ந்தார். "என் காதில் இருப்பது வாரியத்தின் முத்திரை, ஐயா. நான் 'ம்' என்றால் வாரியமே 'ம்' என்றது போல."

"அப்படிங்களா," என்று பாய் தன் கிண்ணத்துக்குத் திரும்பினார். திரும்பும்போது பொற்கொடியை ஒரு பார்வை பார்த்தார். நாற்பத்தொன்றாம் பிரிவு அவளுக்கும் தெரியும். பாய் அதை வாரம் ஒருமுறை சொல்லிச் சிரிப்பார். 'குடிமக்களும் வாரியத்திடம் முன்மொழியலாம்.' அழகுக்காகச் சேர்த்த வரி. யாரும் பயன்படுத்தியதில்லை. வாரியத்தின் காதை யார் பக்கத்தில் பார்த்தார்கள்?

"வந்தது வந்தீங்க, ஒரு கிண்ணம் சாப்பிடுங்க சார்," என்றாள் பொற்கொடி.

"வேணாம்மா, பாவம். 'ம்'னு வந்துரும்," என்றார் பாய்.

"எனக்கா? மௌன உணவுக் கலையில் தங்கப் பதக்கம் வாங்கியவன் நான். வையுங்கள்," என்று காலியாக இருந்த ஒரே முக்காலியில் முனைவர் உட்கார்ந்தார்.

நூடுல்ஸ் கொதிநீரில் விழுந்தது. எழுபது நொடி. வடிகூடையில் அள்ளி, மணிக்கட்டால் இரண்டு உதறு. சாறு, சோயாவில் ஊறிய அரை முட்டை, வெங்காயத்தாள். கிண்ணத்தை அவர் முன் வைத்தாள். முனைவர் நூடுல்ஸைக் கரண்டி விளிம்பால் துண்டு துண்டாக வெட்டி, ஆறவைத்து, உதடு அசையாமல் மென்றார். முதல் வாய். இரண்டாவது. மூன்றாவது. ஒன்றும் வரவில்லை. அலுவலகக் கோப்பு ஒன்றைச் சரிபார்க்கிற முகம்.

"பார்த்தீர்களா? ஒழுக்கம்," என்றார்.

"அய்ய, இது சாப்பாடா சார்?" என்றார் பாய். "குழந்தைக்கு இட்லி பிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. உறிஞ்சணும் சார், உறிஞ்சணும். சட்டத்துல உறிஞ்சுறதுக்குத் தடையில்ல. உங்களுக்கு உறிஞ்ச வரலேன்னா சொல்லிடுங்க, நாங்க வெளிய சொல்லமாட்டோம்."

பதினொரு முக்காலியில் பத்து சிரித்தது. முனைவரின் காது சிவந்தது. உறிஞ்சத் தெரியாதவர் என்று ஊரில் பேச்சு கிளம்புவதா? குச்சிகளை எடுத்தார். ஒரு கற்றை நூடுல்ஸைத் தூக்கி, சர்ரென்று உள்ளே இழுத்தார். சாறும் ஆவியும் இஞ்சி வாசனையும் ஒன்றாக மூக்குவரை ஏறின. முகத்தில் இருந்த கோப்பு கலைந்தது.

முதல் வாய், என்று எண்ணினாள் பொற்கொடி.

கடைக்கு மட்டும் கேட்டால் போதும். 'மோரித்தாவுக்கு விலக்கு என்றென்றைக்கும்.' அந்த வாக்கியம் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. முனைவர் இரண்டாவது வாய் இழுத்தார். நெற்றியில் வேர்வை. பொற்கொடிக்கு ஏகவல்லியின் நினைவு வந்தது. கல்யாண மண்டபத்தில் பிளந்திருந்த ஐந்நூறு வாய்களின் நினைவு வந்தது. பதினொரு முக்காலிக்குக் கேட்பதென்ன பெரிய கேட்பு?

முனைவர் மூன்றாவது கற்றையைத் தூக்கினார். பெரிய கற்றை.

"முன்மொழியுறேன்," என்றாள் பொற்கொடி வேகமாக. "வாயில சாப்பாடு இருக்கறப்ப வர்ற எந்த 'ம்'மும், எந்த ஊர்லயும், யாருக்கும் ஒப்புதல் கெடையாது. உடன்பாடா?"

சர்ரென்ற சத்தம் முடிந்தது. முனைவரின் கண்கள் மூடியிருந்தன. பதக்கம் வாங்கியதிலிருந்து அவர் தொண்டைக்குள் காத்துக்கிடந்த ஏதோ ஒன்று மெல்ல எழுந்து வந்தது.

"ம்ம்ம்ம்..."

டிங் என்றது அவர் மணி. அதிகாரிகளின் மணி சுற்றியிருப்போருக்கும் கேட்கும்படி பேசும். பதவிக்கு அதுதான் அழகு. "ஒப்புதல் பதிவாயிற்று. வாரியத்தின் முத்திரை இடப்பட்டது."

முனைவரின் கண்கள் திறந்தன. வாயிலிருந்து மூன்று இழை நூடுல்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. துப்பினால் மானம் போகும். விழுங்கினால் தொண்டை வெந்துபோகும். தலையைப் பலமாக ஆட்டி மறுத்தார்.

"ம்ஹும்!"

"இரட்டை ஒப்புதல். நன்றி."

"ம்ஹும்! ம்ஹும்!"

"மேலும் இரண்டு இரட்டை ஒப்புதல்கள். வாரிய வரலாற்றில் இவ்வளவு ஆர்வமான உடன்பாடு இதுவே முதல். வாழ்த்துகள், முனைவர் குலசேகரராஜ்."

ஒருவழியாக விழுங்கிவிட்டு முனைவர் எழுந்தார். "செல்லாது! இது செல்லவே செல்லாது! என் வாயில் உணவு இருந்தது! வாயில் உணவு இருக்கும்போது வரும் 'ம்' எப்படி ஐயா ஒப்புதலாகும்?"

தஸ்தகீர் பாய் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் குறுக்கே வைத்தார்.

"அதத்தான சார் அவங்களும் கேட்டாங்க?"

முனைவர் வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். ஏழு நொடிக்கும் மேலேயே ஆகியிருக்கும். அந்த 'ம்' செல்லும் என்றால் பொற்கொடி கேட்டது செல்லும். செல்லாது என்றால், சாப்பிடும் வாயின் 'ம்' செல்லாது என்று வாரியமே சொன்னதாக ஆகும். எந்தப் பக்கம் கதவைத் திறந்தாலும் அதே அறைக்குள்தான் போய் விழவேண்டியிருந்தது. அறுநூறு பக்கம் எழுதியவருக்கு அது புரியாமல் போகாது.

அவர் மெதுவாக உட்கார்ந்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.

"உணவை வீணாக்குவது வாரியத்தின் நெறியல்ல," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, குச்சிகளை எடுத்து உறிஞ்சத் தொடங்கினார். நான்காவது வாய்க்கு 'ம்' என்றார். ஐந்தாவதுக்கும். கிளம்பும்போது வெல்வெட் பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போனார். இந்தத் தடவை வாசலில் குனிந்தார்.

வாரியம் மாலைவரை கூடிப் பேசியது. மாலையில், சாப்பிடும் வாயின் 'ம்' இனி ஒப்புதல் ஆகாது என்று எல்லாக் காதுகளிலும் அறிவிப்பு ஒலித்தது. அந்த நேரத்தில் வாலாஜாபாத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் பாயசம் ஓடிக்கொண்டிருந்ததாம். ஐந்நூறு பேரும் வழக்கம்போல வாயைத் திறந்தார்கள், அறிவிப்பைக் கேட்டார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், இரண்டாவது கரண்டி எடுத்து வாயை மூடினார்கள். மண்டபம் முழுவதும் தேனடை மாதிரி ரீங்கரித்தது என்றும், நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார் என்றும் சொன்னார்கள்.

பொற்கொடி அந்த நேரத்தில் ஒரு கிண்ணம் போட்டு எடுத்துக்கொண்டு, பலகையைச் சுற்றி வந்து, வாடிக்கையாளர் பக்கம் ஒரு சிவப்பு முக்காலியில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து கடை எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததில்லை. ஆவி முகத்தில் அடித்தது.

"உங்கள் தலைமுடிக்கு ஆயுள் காப்பீடு," என்றது காதில் மணி. "உடன்பாடா?"

முதல் வாய், சூடு. இரண்டாவது வாய், உப்பு. மூன்றாவது வாயை இழுத்ததும் பழக்கதோஷத்தில் உதடு பிரியப் பார்த்தது. பொற்கொடி அதை இறுக மூடினாள்.

"ம்ம்ம்ம்ம்ம்."

பாய் பலகையைத் தட்டினார். மற்ற முக்காலிகளும் தட்டின. செவிமணி ஏழு நொடி பேசாமல் இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல்முறையாக மரியாதையோடு சொன்னது:

"சாப்பிட்டு முடித்ததும் கேட்கிறேன்."

பொற்கொடி எழுந்து போய் இன்னொரு பிடி நூடுல்ஸைக் கொதிநீரில் போட்டாள்.