அழித்த பின்னும் குறையாத வட்டு

மழை பிடித்துக்கொண்ட ஒரு முற்பகலில், மனைவியையும் சிறு மகனையும் அழைத்துக்கொண்டு அவன் அந்தப் பழைய கட்டடத்திற்கு வந்து சேர்ந்தான். வீடுகளுக்கும் பாலங்களுக்கும் வரைபடம் தயாரிக்கும் நிறுவனத்தின் கிளை அது. மேல்மாடியில் ஊழியர் குடியிருப்பு இருந்தது. நடுத்தளத்தில் வரைவாளர்கள் வேலை செய்தார்கள். தரைக்குக் கீழே, ஜன்னலையே அறியாத ஓர் அறையில் சர்வர் இருந்தது. மேசைகளில் இருந்தவை வெறும் திரைகள். எல்லோருடைய வேலையும் அந்தச் சர்வரிலேயே ஓடியது. கோப்புகளைச் சேமித்து வைக்கும் அதன் வட்டு நிரம்பிக்கொண்டு வந்தது. முழுவதும் நிரம்பிவிட்டால் யாராலும் ஒரு கோடுகூடப் போட முடியாது. அதைச் சரிசெய்யவே தலைமை அலுவலகம் அவனை அனுப்பியிருந்தது.

அவனுக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். யார் எவ்வளவு இடம் வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பு விதிப்பதும், மீறியவர்களின் கோப்புகளை ஈவிரக்கமின்றி வெட்டுவதும் அவன் தொழில். அந்தப் பெயரில் அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

கீழறையில் ஈரச்சுவரின் வாடையும் சூடேறிய தூசியின் வாடையும் கலந்து கிடந்தன. விசிறிகள் ஓயாமல் இரைந்தன. அவன் கருந்திரையில் டிஎஃப் என்று தட்டினான். எவ்வளவு நிரம்பியிருக்கிறாய் என்று வட்டையே கேட்கும் கட்டளை அது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்றது. அடுத்து டியூ என்று தட்டினான். இது வீடு வீடாகப் போய்த் தலையெண்ணுவதுபோல ஒவ்வொருவர் கோப்புறைக்குள்ளும் நுழைந்து கூட்டிச் சொல்லும். மூத்த வரைவாளர் ஒருவரின் கணக்கு வரம்பைத் தாண்டி எங்கோ போயிருந்தது. உள்ளே பார்த்தால், யானை படுத்திருப்பதுபோல ஒரே ஒரு ஒலிப்பதிவு.

அவரைத் தேடி நடுத்தளத்திற்குப் போனான். ஒரு காதில் இயர்போனை மாட்டியபடி அவர் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"சார், அது என் பொண்ணு பேசுறது. படுக்கையில கிடந்தப்போ அவ பேசினது எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து வெச்சிருக்கேன். இப்ப அவ இல்ல. அந்தக் குரலுக்கு வேற காப்பியும் இல்ல. நாளைக்கு ஒரு டிஸ்க் வாங்கிட்டு வந்து எடுத்துக்கறேன். ஒரு நாள் பொறுத்துக்கோங்க சார்."

"ஆபீஸ் சர்வர் என்ன உங்க மாமியார் வீடா, வந்து டேரா போடுறதுக்கு?"

பக்கத்து மேசைகளில் சிரிப்பு எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அடங்கியது. வரைவாளர் மட்டும் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

கத்தரி கீழே வந்தான். ஒரே வரி தட்டினான். பதிவு அழிந்தது.

டியூ சொன்ன கூட்டுத்தொகை சட்டென்று இறங்கியது. டிஎஃப் மட்டும் இம்மியும் அசையவில்லை.

அவன் கலங்கவில்லை. இத்தொழிலில் இருப்பவர்கள் அறிந்த சங்கதிதான் இது. ஒரு கோப்பை யாரேனும் திறந்து வைத்திருக்கும்போது அழித்தால், அதன் பெயர்தான் போகும், உடல் போகாது. திறந்தவர் கைவிடும்வரை அது வட்டில் அப்படியே கிடக்கும். வரைவாளரின் இயர்போனில் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தொலைபேசி ஒலித்தது.

"சார், ஃபோல்டர்ல காணோம். ஆனா காதுல இன்னும் பேசிட்டிருக்கா." அழைத்தவர் வரைவாளர். "அதைத் திரும்ப எடுக்க ஏதாவது வழி இருக்கா சார்?"

வழி இருந்தது. திறந்திருக்கும் வரையில் அதை ஒரே கட்டளையால் நகலெடுத்து மீட்டுவிடலாம். கத்தரிக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால், ஒருவருக்கு இறங்கிக் கொடுத்தால் நாளை ஊரே வந்து நிற்கும்.

"வழியே இல்ல. போனது போனதுதான்."

சொல்லிக்கொண்டே, பதிவை ஓட்டிக்கொண்டிருந்த செயலியை நிறுத்தினான்.

மறுமுனையில் "நின்னு போச்சு சார்" என்று மட்டும் கேட்டது.

அவன் டிஎஃப் தட்டினான்.

தொண்ணூற்றேழு.

கூடியிருந்தது. பெயரழிந்த அந்தக் கோப்பை இன்னும் ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்ததோடு நில்லாமல் அதை வளர்த்துக்கொண்டும் இருந்தது. யார் பிடித்திருப்பது என்று பட்டியலிட்டுப் பார்த்தான். பிடித்திருப்பவரின் பெயர் வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

விசிறிகளின் இரைச்சல் குறைந்ததுபோல் தோன்றியது. ஈரவாடையோடு மருந்து வாடை ஒன்றும் வந்து சேர்ந்தது.

என்னதான் இருக்கிறது என்று பார்க்க, அதை ஒலிக்கவிட்டு இயர்போனை மாட்டினான். முதலில் மூச்சு. நோயாளிக் குழந்தையின் மேல்மூச்சு. பிறகு, காதுமடலைத் தொடும் அளவு அருகில் ஒரு சிறுமியின் குரல்.

"அங்கிள், வழி இருந்துச்சுல்ல?"

அவன் இயர்போனைப் பிடுங்கி எறிந்தான். பெயரில்லாத அந்தப் பிடியை ஒரே கட்டளையில் அறுத்தான்.

இம்முறை வட்டு விடுபட்டது. டிஎஃப் அறுபது என்றது. மருந்து வாடையும் போய்விட்டது. பிரமை என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டு, சாப்பிட மேல்மாடிக்கு ஏறினான்.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னங்க, குட்டி பேச மாட்டேங்குறான். இப்பதான் வாய் ஓயாம வளவளன்னு பேசிட்டிருந்தான். பாதிப் பேச்சுல நின்னுட்டான். விளையாடுறானோன்னு பார்த்தேன். கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்குறான்."

மகன் மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கத்தரி அவன் முன்னால் மண்டியிட்டான்.

"டேய் தங்கம், அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசுடா."

மகன் வாய் திறந்தான். வந்தது மகனுடைய குரல் அன்று.

"அங்கிள், எங்க அப்பாவை மேல வரச் சொல்லுங்க."

மனைவி வீறிட்டாள். அவன் படிகளில் விழுந்தெழுந்து கீழறைக்கு ஓடினான்.

டிஎஃப். தொண்ணூற்றெட்டு.

எல்லோருடைய கோப்புறைகளையும் கூட்டினாலும் அறுபதைத் தாண்டவில்லை. மீதி இடத்தை, பெயரில்லாத ஒரு கோப்பு அடைத்துக்கொண்டிருந்தது. எறிந்த இயர்போனைத் தேடி எடுத்து மாட்டினான்.

"அப்பா." மகனின் குரல். "இங்க இருட்டா இருக்கு. இடமே இல்லப்பா. கைய கால நகர்த்த முடியல."

"இரு கண்ணா, இரு. அப்பா எடுத்துடறேன்."

நகலெடுக்கும் கட்டளையைத் தட்டினான். நகல் போய் உட்கார இடம் வேண்டுமே. வட்டில் இடமில்லை என்று திரை பதில் சொன்னது.

பிடியை அறுத்துப் பார்க்கலாம். அறுத்தால் இம்முறை போவது யார் என்று நினைத்ததும் கை பின்வாங்கியது.

அவன் மற்றவர்களின் கோப்புறைகளை வெட்டத் தொடங்கினான். பாலங்கள், வீடுகள், பல ஆண்டு உழைப்பு. வெட்ட வெட்ட, விடுபட்ட இடத்தை அந்தக் கோப்பு அவனுக்கு முன்னே விழுங்கிக்கொண்டே வந்தது. நடுத்தளத்தில் நாற்காலிகள் இழுபடும் ஓசையும் கூச்சலும் கேட்டன. அவற்றுக்கு நடுவே, ஒருவர் மட்டும் படியேறிப் போகும் காலடி. மேல்மாடிக் கதவு திறக்கும் ஓசை. பிறகு, "அம்மாடீ, என் செல்லமே" என்று விம்முகிற வரைவாளரின் குரல்.

தொண்ணூற்றொன்பது.

"அப்பா, மூச்சு மு—"

நூறு.

அடுத்த வாரம் புதிய வட்டு வந்தது. பழையதைவிடப் பத்து மடங்கு பெரியது. மகனை நகலெடுத்து வைக்க, அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் கையாலேயே சர்வரில் பொருத்தினான் கத்தரி. அதில் யாரும் இன்னும் ஓர் எழுத்துகூட எழுதியிருக்கவில்லை.

டியூ, எதுவுமில்லை என்றது.

டிஎஃப், இடமில்லை என்றது.