வெள்ளிக்கிழமை மயக்கம்

ஐஞ்சு மணி வள்ளத்துக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலம்தான் இருந்துது. மார்க்கண்டு தன்ர ஓட்டோவை அன்னபூரணத்தின்ர படலையடியில கொண்டுவந்து நிப்பாட்டினான். பின்சீற்றில நிலக்சனா. மடியில உடுப்புப் பை.

அன்னபூரணம் நயினாதீவில முப்பது வருசம் மருத்துவிச்சியாய் இருந்து பென்சன் எடுத்த மனிசி. ஊரில ஒரு சிக்கல் எண்டால் பொலிசுக்கு முதல் அவவிட்டைத்தான் வருவினம். அவவை ஏத்தித் திரியிறதால மார்க்கண்டுவுக்குத் தானும் அரைவாசித் துப்பறியிற ஆள் எண்டொரு நினைப்பு.

நிலக்சனா விக்கி விக்கித்தான் விசயத்தைச் சொன்னாள். மாமி கமலாதேவிக்குச் சீனி வருத்தமெண்டு எட்டு மாதத்துக்கு முதல் சொன்னவை. அண்டையில இருந்து காலமையில குளிசை எடுத்துக் குடுக்கிறது இவள்தான். கிளினிக்கில பாத்த நேரமெல்லாம் சீனி கூடேல்லையாம். இப்ப மனிசி அடிக்கடி வேர்த்து, கை நடுங்கி, மயங்கி விழுது. போன கிழமை கிணத்தடியில விழுந்து மண்டையில ஐஞ்சு தையல். ஆஸ்பத்திரியில பாத்தால் சீனி அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடக்கு. மச்சாள் சுலோஜனா அதைப் பிடிச்சுக்கொண்டாள். குளிசையைக் கூட்டிக் குடுத்துத் தாயைக் கொல்லப் பாக்கிறாள் எண்டு கனடாவில இருக்கிற தமையன் வாகீசனுக்கு ஓதிப்போட்டாள். அவன் போன் எடுத்துப் பெண்சாதிக்குச் சொன்னது ஒரு வசனம்தான். இண்டைக்கே வள்ளமேறிச் சுருவிலுக்கு உன்ர தாய் வீட்டை போ, பிள்ளையை விட்டிட்டுப் போ.

பிள்ளைக்கு நாலு வயசு.

அன்னபூரணம் குளிசை மட்டையை வாங்கித் திகதியோட சேர்த்து எண்ணிப் பாத்தா. ஒண்டும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"எந்த நாளில விழுறவ?"

"கூட வெள்ளியிலதான், மிஸ்ஸி. விரதம். மத்தியானம் வரைக்கும் வாயில ஒண்டும் வைக்கமாட்டா. குளிசையை மட்டும் விடியவே போட்டிடுவா."

மார்க்கண்டு பொறுக்கமாட்டாமல் உள்ளை வந்திட்டான். இது தனிக் கேஸ் இல்லையாம். இந்த வருசம் வெள்ளிக்கிழமையில மயங்கின மூண்டு மனிசியளைத் தானே ஆஸ்பத்திரியில கொண்டுபோய் இறக்கினவனாம். ஞானசவுந்தரி அக்காவும் அதில ஒண்டு. ஆரோ ஊருக்கே மருந்து வைக்கிறாங்கள் எண்டது அவன்ர முடிவு.

"அந்த மூண்டு பேருக்கும் சீனி எண்டு எப்ப சொன்னது?"

"எட்டு மாதத்துக்கு முதல், தேர்த் திருவிழாவண்டு. வெளியூர் ஆக்கள் மடத்துக்குப் பக்கத்தில மருத்துவ முகாம் போட்டு, விரலில குத்திப் பாத்தவை."

"அதுக்கு முதல் அவை எங்கை இருந்தவை?"

"மடத்திலதான். கமலாதேவி அக்காவும் சேத்து நாலு பேரும் ஒரே பாயில இருந்து பஞ்சாமிர்தம் பிசைஞ்சவை. அண்டைக்குத் தண்ணி கொண்டுவாற பவுசர் லொறி பின்னேரம் வரைக்கும் வரேல்லை. ஓட்டோவில தண்ணிக் கேன் ஏத்தி வரேல்லையெண்டு எல்லாரும் என்னைத்தான் பேசினவை."

அன்னபூரணம் எழும்பினா. பிறகு அலுமாரியைத் திறந்து சீனி பாக்கிற மெசினை எடுத்தா. போற வழியில ஒரு சீப்புக் கதலியும் வாங்கச் சொன்னா. வள்ளம் வெளிக்கிடப் போற நேரத்தில மனிசி பழம் விலை கேக்குதே எண்டு மார்க்கண்டு புறுபுறுத்தான்.

வீட்டில கமலாதேவி தலையில கட்டோட படுத்திருந்தா. கதிரையில சாத்தி வைச்ச போனில வாகீசன்ர முகம். சுலோஜனா பிள்ளையைக் கையில இறுக்கிப் பிடிச்சபடி, நிலக்சனாவை வாசலோட நிக்கச் சொன்னாள்.

அன்னபூரணம் அதைக் காதில விழுத்தேல்லை. அம்மாவுக்கு ரெண்டு பழம் உரிச்சுப் பிசைஞ்சு தரச்சொல்லி சுலோஜனாவிட்டைச் சீப்பை நீட்டினா. அவள் பிசைஞ்சு குடுத்திட்டுத் துவாயில கையைத் துடைச்சாள்.

"இப்ப உம்மட விரலைத் தாரும்."

"எனக்கென்னத்துக்கு, மிஸ்ஸி?"

"தாய்க்கு இருந்தால் மகளுக்கும் பாக்கத்தானே வேணும்."

ஸ்பிரிற்றால ஒருக்கால் துடைச்சுக் குத்தினா. மெசின் முந்நூற்றி முப்பத்தொண்டு காட்டினது. சுலோஜனா கையை இழுத்துக்கொண்டாள்.

"உமக்கும் குளிசை எழுதலாம்" எண்டா அன்னபூரணம். "அடுத்த விரதத்துக்கு நீரும் கிணத்தடியில விழுவீர். இப்ப போய்ச் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வாரும்."

கழுவின விரலில தொண்ணூற்றி ரெண்டு.

அன்னபூரணம் போன் பக்கம் திரும்பினா. "பாத்தனியே, வாகீசன்? பழத்தின்ர இனிப்பு விரலில ஒட்டியிருந்தால் இந்த மெசின் அதையும் சேர்த்துத்தான் எண்ணும். ஸ்பிரிற்றுக்கு அது போகாது, தண்ணி வேணும். தேரண்டு தண்ணி இல்லை. பிறகு கிளினிக்கில பாத்த நேரமெல்லாம் சீனி கூடேல்லை. மருந்து வேலை செய்யுது எண்டு எழுதிப்போட்டினம். வருத்தமில்லாத உடம்புக்கு எட்டு மாதம் மருந்து, அதிலயும் வெறும் வயித்தில. குடுத்த கையில பிழையில்லை. குத்தின விரலிலதான் பிழை."

நாளைக்கே நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய் நாளத்தில இரத்தம் குடுத்துப் பாக்கவேணும், டொக்டரிட்டைக் கேக்காமல் இனி ஒரு குளிசையும் தொடவேண்டாம் எண்டும் சொன்னா.

இறங்குதுறைப் பக்கம் வள்ளத்தின்ர கோர்ண் சத்தம் கேட்டுது. ஒருத்தரும் அசையேல்லை. வாகீசன் நிலக்சனாவின்ர பேரைச் சொல்லி ரெண்டுதரம் கூப்பிட்டான். அவள் போனைப் பாக்கேல்லை. சுலோஜனா இந்தமுறை மறிக்காமல் விட, பிள்ளை ஓடிவந்து நிலக்சனாவின்ர காலைக் கட்டிப்பிடிச்சுது.

கமலாதேவி மெல்ல எழும்பி இருந்தா.

"சீனி போட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கவேணும்போல கிடக்கு."

"நான் போடுறன், அம்மா" எண்டு சுலோஜனா எழும்பினாள்.

"நீ இரு. அவள் போடட்டும்."

நிலக்சனா பையை வாசலில போட்டிட்டுப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ளை போனாள்.